பொதுச் சேர்வரும் கிற்றும்: சின்ன ஆய்வு மையத்துக்கு என்ன ஒழுங்கு சரிவரும்?

நாவற்குழி

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில ஒரு சின்ன ஆய்வு மையத்தில ஆராய்ச்சி உதவியாளரா இருக்கிறன். எங்களிட்ட இருக்கிறது ஒரே ஒரு பெரிய சேர்வர், ரெண்டு ஜிபியு (கனக்கக் கணக்கை ஒரே நேரம் செய்யுற சில்லு) போட்டது. கிணத்துத் தண்ணி பாக்கிற குழு, செய்மதிப் படத்தில வயல் பாக்கிற குழு, தமிழ்ப் பேச்சும் எழுத்தும் சேர்க்கிற குழு, எல்லாரும் அதிலதான் வேலை. எல்லாருக்கும் ஒரே லொகின். பாஸ்வேர்ட் சுவரில ஒட்டிக் கிடக்கு.

ஆர் எப்ப ஓட்டினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இரவு விட்டிட்டுப் போற வேலை விடிய வந்து பாத்தால் செத்துக் கிடக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை இப்ப வந்திருக்கு. அனுப்பின கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் பதில் போட்டிருக்கினம், நாலாவது வரைபடத்தைச் சில கிணறுகளை விட்டிட்டுத் திரும்பக் கீறித் தரச்சொல்லி. அந்த ஸ்கிரிப்ற் எழுதின அக்கா ஒப்பந்தம் முடிஞ்சு வெளிநாடு போட்டா. அவாவின்ர ஃபோல்டரில "பைனல்", "பைனல்2", "பைனல்_சேர்_பாத்தது", "பைனல்_இதுதான்" எண்டு நாலு கிடக்கு. நாலையும் ஓட்டினால் நாலு விதமா வருது.

மற்ற இடங்களில என்ன செய்யுறியள்? பெரிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின்ர கையேடு வேண்டாம், அதுகள் வாசிச்சிட்டன். எங்களைப்போல இடத்துக்கு எது நிக்கும் எண்டு சொல்லுங்கோ.

சுன்னாகச்சந்தி

தங்கச்சி, முதல் அந்தச் சுவர்க் கடுதாசியைக் கழட்டுங்கோ. நெடுக இந்த வேலையில இருக்கிறவன் எண்டபடியாச் சொல்லுறன், ஒரே லொகின் இருக்கிற மட்டும் நீங்கள் போடுற எந்த ஒழுங்கும் நிக்காது. ஆர் ஓட்டினது, ஆர் நிப்பாட்டினது எண்டு மெஷினுக்கே தெரியாது. நாளைக்குக் கிற் (ஃபைலில ஆர் எப்ப என்ன மாத்தினது எண்டு பதிஞ்சு வைக்கிற மென்பொருள்) கொண்டு வந்தாலும் எல்லாக் கமிற்றும், அதாவது ஒவ்வொரு மாற்றத்தின்ர பதிவும், ஒரே பேரிலதான் விழும். ஆளுக்கொரு எக்கவுண்ட் திறவுங்கோ. திட்டத்துக்கொரு குறூப், குறூப்புக்கொரு ஃபோல்டர். அந்த ஃபோல்டருக்கு செட்ஜிஐடி போட்டுவிட்டால் உள்ளுக்கு உருவாகிற ஃபைல் எல்லாம் தானாவே அந்தக் குறூப்புக்குச் சொந்தமாகும், ஆள் போனாலும் வேலை பூட்டுப்படாது.

இரவில ஜொப் செத்துப்போறதுக்குக் காரணம் அனேகமா மெமரி. ரெண்டு பேர் ஒரே நேரம் பெரிய தரவை ஏத்த மெமரி முட்டும், உடன லினக்ஸ் கேர்னல் (இயங்குதளத்தின்ர கரு) ஓடிக்கொண்டிருக்கிற ஒரு புறொசெஸைத் தெரிஞ்செடுத்துக் கொல்லும். கூட மெமரி பிடிச்சு வைச்சிருக்கிறதைத்தான் அது பெரும்பாலும் பிடிக்கும். பிழை ஆரிலயெண்டு அது பாக்காது. கேர்னல் லொக்கில "அவுட் ஒஃப் மெமரி" எண்டு தேடிப் பாருங்கோ, நேரத்தோட கிடக்கும்.

இதுக்கு மருந்து ஸ்லேர்ம், வேலைகளை வரிசையில விட்டு மெஷினைப் பங்கிடுற மென்பொருள். ஜொப் போடேக்க இத்தனை கோர், இவ்வளவு மெமரி, இத்தனை ஜிபியு, இவ்வளவு நேரம் எண்டு கேக்கவேணும். இடம் வந்தால்தான் அது ஓடும், சிகுறூப் (லினக்ஸில புறொசெஸுகளுக்கு எல்லை போடுற வசதி) கட்டுப்பாட்டையும் சேத்துப் போட்டால் கேட்டதுக்கு மேல எடுக்கேலாது. மற்றாளின்ர ஜொப் சாகாது. அமெரிக்காவில லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில தொடங்கின மென்பொருள், இப்ப உலகத்தில பெரிய சூப்பர் கொம்பியூற்றர்கள் கனக்க அதிலதான் ஓடுது. அதுக்காக ஒரு மெஷினுக்குப் போடக்கூடாது எண்டில்லை. ஒரே மெஷினே கட்டுப்படுத்துறதாயும் ஓட்டுறதாயும் இருக்கலாம்.

கொக்குவில்கிழக்கு

அண்ணை, ஒரு மெஷினுக்குப் போய் ஸ்லேர்ம் தேவையோ? நான் கடைசி வருஷ மாணவன். எங்கட லாப்பில வட்ஸப் குறூப்பில "ஜிபியு 1 நான் எடுக்கிறன்" எண்டு போட்டிட்டு நோஹப்பில (லொகினை மூடினாலும் வேலையை ஓடவிடுற கட்டளை) ஓட்டிவிடுவம்.

சுன்னாகச்சந்தி

ரெண்டு பேர் எண்டால் காணும் தம்பி. அஞ்சு பேருக்கு மேல போனால் காணாது. "முடிஞ்சுது" எண்டு போட மறக்கிறதுதான் முதல் பிரச்சினை. ஜிபியுவின்ர நிலையைக் காட்டுற என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை அடிச்சுப் பாருங்கோ, ஜிபியு மெமரி முழுக்க நிரம்பியிருக்கும், பக்கத்தில பாவனை 0% எண்டு நிக்கும். ஆரோ ஜூப்பிற்றர் நோட்புக்கைத் திறந்து வைச்சிட்டு வீட்டை போயிருப்பினம். நோட்புக்கின்ர கேர்னலை (பின்னால கோட்டை ஓட்டுறது, லினக்ஸ் கேர்னல் இல்லை) நிப்பாட்டாமல் பிறவுசரை மட்டும் மூடினால் மெமரி விடுபடாது. இன்னொண்டு, மொடல் பயிற்றுற ரென்சர்ஃப்ளோ மென்பொருள் ஒண்டும் சொல்லாமல் விட்டால் கண்ணில படுற எல்லா ஜிபியுவின்ர மெமரியையும் கிட்டத்தட்ட முழுசா எடுத்து வைச்சிடும், உங்கட மொடல் எவ்வளவு சின்னனா இருந்தாலும். "மெமரி குறோத்" எண்ட செட்டிங்கைப் போட்டால்தான் தேவைக்கு ஏத்தமாதிரி எடுக்கும். ஸ்லேர்ம் இருந்தால் உங்களுக்குத் தந்த ஜிபியுவைத் தவிர மற்றது உங்கட ஜொப்பின்ர கண்ணில படாத மாதிரிச் செய்யலாம்.

பனங்கூடல்

எனக்கு இதில உடன்பாடில்லை. நான் செய்மதிப் படத்தில இரணைமடுக் குளத்துக்குக் கீழ் இருக்கிற நெல் வயலைப் பாக்கிறன். ஒரு படத்தைத் திறந்து, முகில் எங்க மறைக்குது எண்டு பாத்து, ஒரு இலக்கத்தை மாத்தி, திரும்பப் பாக்கவேணும். ஒவ்வொருக்காலும் கியூவில நிண்டால் யோசனையே அறுந்துபோம். ஆராய்ச்சி எல்லாம் "ஜொப்" இல்லை.

சுன்னாகச்சந்தி

நீங்கள் சொல்லுறது சரி, அதுக்கும் வழி இருக்கு. ஸ்லேர்மில எஸ்அலொக் எண்டு கேட்டால் நீங்கள் இருந்து வேலை செய்யுற மாதிரி ஒரு பங்கு தரும். ரெண்டு பகுதியா வையுங்கோ. ஒரு ஜிபியு பகலில ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல ஒருத்தரும் கேக்கேலாது, உங்களைப்போல இருந்து பாக்கிற ஆக்களுக்கு. மற்றது நீண்ட ஜொப்புக்கு.

நேரத்தை உண்மையாக் கேக்கவேணும் எண்டதையும் சேத்துச் சொல்லவேணும். ரெண்டு மணித்தியால வேலைக்கு ஏழு நாள் கேக்கிறவை இருக்கினம், "எதுக்கும் கிடக்கட்டும்" எண்டு. ஸ்லேர்ம் பெரிய ஜொப்புக்கு இடம் ஒதுக்கி வைச்சிட்டு, அதின்ர தொடக்கம் பிந்தாத மாதிரி நடுவில இருக்கிற இடைவெளியில சின்ன ஜொப்பைச் செருகும். பங்குக் கிணத்தில இறைப்பு முறை மாதிரித்தான்: எனக்கு ஒரு மணித்தியாலம் காணும் எண்டு சொல்லுறவனை ரெண்டு பேருக்கு நடுவில விடலாம், விடிய மட்டும் வேணுமெண்டு நிக்கிறவனை விடேலாது. ஏழு நாள் கேட்டவர் தானேதான் தன்னைக் கடைசிக்குத் தள்ளுறார்.

பனங்கூடல்

சரி, பகல் பங்கு இருந்தால் எனக்குப் பிரச்சினை இல்லை.

ஒண்டு நான் சேக்கிறன். சென்ரினல்-2 (ஐரோப்பியச் செய்மதி) படம் ஒரு துண்டே நூற்றுக்கணக்கான எம்பி வரும். ஒரே இடத்தின்ர படத்தை மூண்டு பேர் மூண்டு ஹோம் ஃபோல்டரில இறக்கி வைச்சால் டிஸ்க் தானா முடியும். இறக்கின தரவுக்கெண்டு ஒரு பொது ஃபோல்டர், எல்லாரும் வாசிக்கலாம், ஒருத்தர்தான் எழுதலாம். பக்கத்தில ஒரு சின்னக் குறிப்பு: எங்க இருந்து, எந்தத் திகதி இறக்கினது, செக்சம் (ஃபைல் மாறேல்ல எண்டு சரிபாக்கிற இலக்கம்) என்ன. எங்கட இன்ரநெற்றில அதைத் திரும்ப இறக்கிறது எவ்வளவு பாடு எண்டு எல்லாருக்கும் தெரியும்.

ரொறன்ரோப்பனி

நான் கனடாவில முனைவர் பட்டம் செய்யேக்க அலையன்ஸ் கிளஸ்ரர்கள் (ஆய்வாளருக்கெண்டு இருக்கிற பொதுச் சேர்வர் தொகுதிகள்) பாவிச்சனான். அங்க ஹோம் எண்டது சின்ன இடம், ஒவ்வொரு நாளும் பக்கப் எடுப்பினம், கோட் அங்கதான். ஸ்க்ராச் எண்டது பெரிய இடம், பக்கப் இல்லை, 60 நாள் தொடாத ஃபைல் அழிஞ்சுபோம். முதல்ல கொடுமையாத் தெரியும். பிறகு விளங்கும், அழிஞ்சால் திரும்ப உருவாக்கக்கூடியதை மட்டும்தான் அங்க வைக்கவேணும் எண்டு. கோட்டும் மூலத்தரவும் பத்திரமா இருந்தால் நடுவில வாற எதையும் திரும்பச் செய்யலாம். 60 நாள் எண்ட இலக்கத்தைக் கொப்பி அடிக்கச் சொல்லேல்ல, அந்தப் பிரிப்பை எடுங்கோ.

லொகின் பண்ணுற மெஷினில ஒருத்தரும் கணக்கு ஓட்டக்கூடாது எண்டும் இருக்கு. அங்க ஃபைல் திருத்தலாம், ஜொப் போடலாம், அவ்வளவுதான். உங்களிட்ட ஒரே மெஷின் எண்டால் இது அப்பிடியே பொருந்தாது, எண்டாலும் ஸ்லேர்முக்கு வெளியால ஓடுறதுக்கு ஒரு சின்ன எல்லை போடலாம்.

வழுக்கையாறு

நான் நீரியல் ஆள், புறோகிறாமர் இல்லை. R எண்ட புள்ளிவிபர மொழியில எழுதிறன், எக்செல் பாவிக்கிறன். சேர்வரைப் பங்கிடுறது விளங்குது. கிற் எண்டது மென்பொருள் எழுதிற ஆக்களின்ர சாமான் இல்லையோ? எங்களை ஏன் அதைப் படிக்கச் சொல்லுறியள்? நேரம் வேணும்தானே.

ஆழியவளை

வழுக்கையாறு அண்ணை, உங்கட துறையிலயே சொல்லுறன். வலிகாமத்துக் கிணறுகளில நைத்திரேற்று பாக்கிறியள் எண்டு வைப்பம். ஒரு ஆய்வுகூடம் பெறுமானத்தை நைத்திரேற்றாத் தரும், இன்னொண்டு நைத்திரேற்றில இருக்கிற நைதரசனாத் தரும். ரெண்டிலயும் அலகு ஒண்டுதான், லீற்றருக்கு மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின்ர வழிகாட்டல் எல்லை நைத்திரேற்றா 50. நைதரசனா வந்த 12 ஐ அப்பிடியே போட்டால் அந்தக் கிணறு நல்ல கிணறு. 4.43 ஆல பெருக்கினால் 53, எல்லை தாண்டியிட்டுது. ஒரு குடும்பம் அந்தத் தண்ணியில குழந்தைக்குப் பால்மா கரைக்கலாமோ இல்லையோ எண்டது ஸ்கிரிப்றில இருக்கிற ஒரு பெருக்கலில தங்கியிருக்கு.

இப்ப அந்த வரியை ஆர், எப்ப, ஏன் போட்டது? எக்செல் சொல்லாது. "பைனல்2" சொல்லாது. கிற் சொல்லும். கமிற் செய்யேக்க ஒரு வசனம் எழுதிறம்: "இரண்டாவது ஆய்வுகூடப் பெறுமானங்கள் நைதரசனாக வந்தவை, நைத்திரேற்றாக மாற்ற 4.43 ஆல் பெருக்கப்பட்டது." பேர், திகதி, மாறின வரி எல்லாம் அதோட நிக்கும். தமிழிலயே எழுதலாம், ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த ஒரு வசனத்துக்காகத்தான் கிற்.

படிக்கவேண்டியதும் கனக்க இல்லை. சேக்கிறது, கமிற் செய்யுறது, அனுப்புறது, எடுக்கிறது, பழசைப் பாக்கிறது. பிராஞ்ச், ரீபேஸ் எல்லாம் தேவை வந்தால் பிறகு பாக்கலாம்.

வழுக்கையாறு

அந்த 4.43 பிரச்சினை எனக்கு வடிவாத் தெரியும். இது விளங்குது. அப்ப எக்செல் ஃபைலையும் கிற்றில போடுறதோ?

ஆழியவளை

போடலாம், ஆனால் பிரயோசனம் குறைவு. எக்செல் ஃபைல் உள்ளுக்கு சிப் செய்த பொதி, எந்தக் கட்டம் மாறினது எண்டு கிற் வரி வரியாக் காட்டமாட்டுது. சிஎஸ்வியா (வெறும் எழுத்தா இருக்கிற அட்டவணை) மாத்திப் போடுங்கோ. பெரிய தரவு, படம், மொடல் ஒண்டும் வேண்டாம். 100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலைக் கிற்ஹப் (கிற் வேலைகளை இன்ரநெற்றில வைக்கிற தளம்) ஏற்காது. கிற் எதைக் கவனிக்கக்கூடாது எண்டு எழுதிற கிற் இக்னோர் ஃபைலில முதலே அந்த ஃபோல்டர்களைப் போட்டுவிடுங்கோ, ஏனெண்டால் ஒருக்காக் கமிற்றான பெரிய ஃபைலைப் பிறகு அழிச்சாலும் வரலாற்றுக்குள்ள கிடந்து எல்லாற்ற குளோனையும் (ஆளாள் எடுத்து வைச்சிருக்கிற முழுப் பிரதி) பாரமாக்கும். ஜூப்பிற்றர் நோட்புக் எண்டால் வெளியீட்டை நீக்கிப்போட்டுக் கமிற் செய்யுங்கோ, இல்லாட்டி படமெல்லாம் எழுத்தா மாறி ஆயிரம் வரி மாறினமாதிரித் தெரியும்.

நாவற்குழி

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறியள், நன்றி. ஆழியவளை, என்ர நாலு ஃபோல்டருக்கு இப்ப ஏதும் செய்யலாமோ? அதில கிற் இல்லவே இல்லை.

ஆழியவளை

ஓம். கிற் டிஃப் கட்டளையோட "நோ-இன்டெக்ஸ்" எண்டு குடுத்தால் கிற் இல்லாத ரெண்டு ஃபோல்டரையும் ஒப்பிடும். ஃபைல்களின்ர கடைசியாத் திருத்தின திகதியைப் பாத்து வரிசைப்படுத்தி, முதலாவதையும் ரெண்டாவதையும், ரெண்டாவதையும் மூண்டாவதையும் எண்டு பாருங்கோ. பிறகு கட்டுரையில வந்த படத்தின்ர நிலைக்குத்து அச்சில ஆகக் கூடின பெறுமானம் எந்த ஃபோல்டர் தாறதோட ஒத்துவருது எண்டு பாருங்கோ. கொப்பி அடிக்கேக்க திகதி மாறியிருக்கலாம், அதைக் கவனியுங்கோ.

நல்லூர்ப்பின்வீதி

தமிழ்த் தரவு பாக்கிற ஆக்களுக்கு ரெண்டு விஷயம், இது எங்களுக்கு மட்டும் வாற தலையிடி எண்டபடியா ஆங்கிலக் கையேடு ஒண்டிலயும் லேசில கிடையாது.

ஃபைலுக்குத் தமிழில பேர் வைச்சால் கிற் ஸ்ரேற்றஸ் அதை \340\256 எண்டு தொடங்குற இலக்கமாக் காட்டும். ஃபைல் பழுதாகேல்ல. தமிழுக்குரிய யூனிகோட் குறி ஒவ்வொண்டும் யூரிஎஃப்-8 (யூனிகோட்டைச் சேமிக்கிற முறை) இல மூண்டு பைற், கிற் அந்தப் பைற்றுகளை எட்டின் அடி எண்ணா எழுதிக் காட்டுது. கோர் குவோட்பாத் (core.quotepath) எண்ட செட்டிங்கை ஃபோல்ஸ் ஆக்கினால் தமிழிலயே தெரியும். இதைக் கண்டு பயந்து எத்தினையோ பேர் தமிழ்ப் பேரைக் கைவிட்டிட்டினம். கைவிடத் தேவையில்லை.

அடுத்தது கொஞ்சம் ஆழம். "கொ" எண்ட எழுத்தை யூனிகோட்டில ரெண்டு விதமா எழுதலாம். ககரத்தோட ஒகரக் குறி ஒண்டே தனியா, இல்லாட்டி எகரக் கொம்பும் அரவும் தனித்தனியா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்டு. கொம்பியூற்றருக்கு வேறவேற. ஒருத்தர் ஒரு கீபோட்டில தட்ட, இன்னொருத்தர் வேறொண்டில திருத்த, டிஃப்பில வரி முழுக்க மாறினதாக் காட்டும், கண்ணுக்கு ஒரு எழுத்தும் மாறியிராது. சொல் எண்ணினாலும் ஒரு சொல் ரெண்டாப் பிரியும். தரவு உள்ள வரேக்கயே எல்லாத்தையும் என்எஃப்சி (ஒரே எழுத்தை எப்பவும் ஒரே விதமா எழுதிற யூனிகோட் முறை) வடிவுக்கு மாத்துற ஒரு சின்ன ஸ்கிரிப்றை ஓட்டுங்கோ. பாமினி எழுத்துருவில (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு) கிடக்கிற பழைய ஆவணங்களுக்கும் இதே கதைதான். மாத்தின ஸ்கிரிப்றும் கிற்றில நிக்கவேணும், மாத்தாத மூலமும் தொடாமல் நிக்கவேணும். பாமினியில இருந்து மாத்தேக்க வாற பிழை ரெண்டு வருஷம் கழிச்சும் வெளியில வரும்.

கொக்குவில்கிழக்கு

கரண்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கு ஒண்டால நாடு முழுக்க இருண்ட அண்டைக்கு என்ர மொடல் பயிற்சி பாதியில நிண்டது.

சுன்னாகச்சந்தி

யூபிஎஸ் ஜொப்பை முடிக்கிறதுக்கில்லை தம்பி, மெஷினை ஒழுங்கா நிப்பாட்டுறதுக்கு. 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வெட்டின நாளும் பாத்தம், எந்த யூபிஎஸ் அதுக்கு நிக்கும்? பயிற்சி ஓடேக்க இடைக்கிடை நிலையை டிஸ்க்கில எழுதவேணும், திரும்பத் தொடங்கினால் அந்த இடத்தில இருந்து போகவேணும். புதுசை எழுதி முடிச்ச பிறகு பழசை அழியுங்கோ, எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போனால் ரெண்டும் இல்லாமல் போகக்கூடாது. ஸ்லேர்மில றீகியூ எண்டு போட்டால் மெஷின் எழும்பினதும் ஜொப் தானாத் திரும்பக் கியூவுக்கு வரும்.

ரொறன்ரோப்பனி

சேர்வரும் கிற்றும் சந்திக்கிற ஒரு இடம் இருக்கு, கன பேர் கவனிக்கிறேல்ல. எஸ்பாட்ச் (ஜொப்பைக் கியூவில போடுற கட்டளை) குடுக்கேக்க ஸ்லேர்ம் உங்கட ஜொப் ஸ்கிரிப்றை மட்டும்தான் அந்த நேரமே கொப்பி எடுத்து வைக்கும். அது கூப்பிடுற பைதன் ஃபைலை ஜொப் தொடங்கேக்கதான் வாசிக்கும். திங்கள் ஜொப் போட்டு, செவ்வாய் அந்தப் பைதன் ஃபைலில கை வைச்சு, புதன் ஜொப் தொடங்கினால் ஓடுறது செவ்வாய்க்கிழமைக் கோட். நீங்கள் திங்கட்கிழமைக் கோட்டின்ர விடை எண்டு நம்பிக்கொண்டு இருப்பியள்.

இதுக்கு நான் செய்யுறது: ஓட்டுறதுக்கெண்டு தனியா ஒரு குளோன், அதில கை வைக்கிறேல்ல. ஜொப் ஸ்கிரிப்றின்ர முதல் வரியில கிற் ரெவ்-பார்ஸ் ஹெட் (இப்ப எந்தக் கமிற்றில நிக்கிறம் எண்டு காட்டுற கட்டளை) ஓடும், 40 எழுத்துக் கமிற் இலக்கம் லொக்கில விழும். கமிற் செய்யாத மாற்றம் கிடந்தால் ஜொப் அந்த இடத்திலயே நிண்டிடும். வெளிவாற ஒவ்வொரு படத்தின்ர ஃபைல் பேரிலயும் அந்த இலக்கத்தின்ர முதல் ஏழு எழுத்து. கட்டுரை அனுப்புற அண்டைக்கு அந்தக் கமிற்றுக்கு ஒரு ராக், அதாவது ஒரு பேர்ச்சீட்டு. நாவற்குழி, உங்கட நாலாவது வரைபடம் இப்பிடி வந்திருந்தால் இந்த இழையே வந்திராது.

மணற்காடு

நான் சமூகவியல் ஆள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின்ர குடும்பங்களோட கதைச்ச ஒலிப்பதிவுகள் எங்களிட்ட இருக்கு. உந்தப் பொது ஃபோல்டர், எல்லாரும் வாசிக்கலாம் எண்டதைக் கேக்க எனக்கு நெஞ்சு இடிக்குது. ஒரு அம்மா எங்களை நம்பித்தான் வாய் திறந்தவா.

ஆழியவளை

நீங்கள் பயப்படுறது முழுக்கச் சரி. அந்த ஒலிப்பதிவும் அதைக் கேட்டு எழுதினதும் கிற்றுக்குள்ள வரவே கூடாது, தனிப்பட்ட ரெப்பொசிற்றரியா (கிற் வரலாறு இருக்கிற களஞ்சியம்) இருந்தாலும். கிற்றின்ர பலம் எதையும் மறவாதது, இந்த இடத்தில அதுதான் ஆபத்து. பேர்ப் பட்டியலை ஒரு கமிற்றில போட்டிட்டு அடுத்ததில அழிச்சால் முதலாவதில அது அப்பிடியே கிடக்கும். வரலாற்றைத் திருத்துற கருவிகள் இருக்கு, ஆனால் அதுக்கிடையில ஒருத்தர் குளோன் எடுத்திருந்தால் ஒண்டும் செய்யேலாது. பாஸ்வேர்டும் அப்பிடித்தான். வெளியால போனால் அழிச்சுக்கொண்டு நிக்காமல் உடன மாத்துங்கோ.

ஒலிப்பதிவுக்குத் தனி டிஸ்க், குறியாக்கம் செய்தது, உங்கட குறூப்புக்கு மட்டும் அனுமதி. பேருக்கும் குறியீட்டுக்கும் இருக்கிற பட்டியல் அந்தச் சேர்வரிலயே இருக்கக்கூடாது. பகுப்பாய்வு ஸ்கிரிப்ற் மட்டும் கிற்றுக்கு வரட்டும். 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் உங்கட நெறிமுறைக் குழு ஒருக்காப் பாக்கட்டும். சட்டத்துக்கு முதல் அந்த அம்மாவுக்குக் குடுத்த வாக்கு இருக்கு.

மணற்காடு

நன்றி. இது காணும் எனக்கு.

வழுக்கையாறு

இன்னொரு கேள்வி. கிற்ஹப் வெளிநாட்டுக் கொம்பனி. எல்லாத்தையும் அங்க குடுத்திட்டு, நாளைக்கு அவை கதவைப் பூட்டினால்?

சுன்னாகச்சந்தி

கிற் பிறந்ததே அப்பிடி ஒரு கதவு பூட்டுப்பட்டபடியாத்தான். லினக்ஸ் கேர்னல் ஆக்கள் பிற்கீப்பர் எண்ட கருவியைச் சும்மா பாவிச்சுக்கொண்டு இருந்தவை, அந்தச் சலுகை போக 2005 ஏப்ரலில லினக்ஸைத் தொடங்கின லினஸ் ரோர்வால்ட்ஸ் கிற்றைத் தொடங்கினார். ஒவ்வொரு குளோனிலயும் முழு வரலாறும் இருக்கு. கிற்ஹப் இல்லாட்டி உங்கட லப்ரொப்பில இருந்து இன்னொரு இடத்துக்குத் தள்ளிவிடலாம்.

இன்ரநெற்றும் தேவையில்லை. உங்கட சேர்வரிலயே ஒரு வெறும் ரெப்பொசிற்றரி, கிற் இனிற் கட்டளைக்கு "--bare" எண்டும் "--shared" எண்டும் சேத்துக் குடுத்தால் சரி, எஸ்எஸ்எச் (தூர இருந்து பாதுகாப்பா லொகின் பண்ணுற முறை) மூலம் எல்லாரும் பாவிக்கலாம். கிற்ஹப் மாதிரி வெப் பக்கம் வேணுமெண்டால் கிற்றீ (Gitea) எண்ட மென்பொருளைப் போடலாம், பெரிய மெஷின் கேக்காது. ஆனால் அந்தச் சேர்வரின்ர டிஸ்க் ஒண்டிலதான் எல்லாம் எண்டு விடாதேங்கோ. வேறொரு கட்டடத்தில ஒரு பிரதி, ஒவ்வொரு இரவும்.

பனங்கூடல்

நான் நேர கேக்கிறன். இரவிரவா என்ர லப்ரொப்பில எழுதின கோட்டை ஏன் மையத்துக்குக் குடுக்கவேணும்? நாளைக்கு வேறாள் அதை எடுத்துத் தன்ர பேரில கட்டுரை போடும். இஞ்ச அது நடக்காத விஷயமில்லை. கோட் என்ர கையில இருக்கிற மட்டும்தான் எனக்கும் ஒரு இடம் இருக்கு.

ஆழியவளை

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்த இழையில நிக்கிறன்.

இஞ்ச ஆராய்ச்சி உதவியாளர் எண்டவை ஆர்? திட்டம் இருக்கிற மட்டும் ஒப்பந்தம். வெயிலுக்குள்ள கிணறு கிணறாப் போய்த் தண்ணி அள்ளினவை, ஸ்கிரிப்ற் எழுதினவை, பிழை கண்டுபிடிச்சவை. காசு முடிய அவையும் போவினம். கட்டுரை ரெண்டு வருஷம் கழிச்சு வரேக்க அவையின்ர பேர் சிலவேளை நன்றி சொல்லுற வரியில இருக்கும், சிலவேளை அதுவும் இராது. பேரை விடுறவை எல்லாரும் கெட்டவை எண்டில்லை. ஆர் என்ன செய்தது எண்டதுக்கு ஒரு எழுத்தும் இல்லை, அதால மறந்துபோகினம்.

கோட்டை லப்ரொப்பில பூட்டி வைச்சால் அது உங்களைக் காப்பாத்தும் எண்டு நினைக்கிறியள். காப்பாத்தாது. நீங்கள் போன பிறகு உங்கட முறையை ஒருத்தர் கேட்டு எழுதி, அரைகுறையாத் திரும்பச் செய்து, தன்ர எண்டு போடுவார். உங்களிட்ட ஆதாரம் ஒண்டும் இராது. பொது ரெப்பொசிற்றரியில இருந்தால் உங்கட ஒவ்வொரு வரியிலயும் உங்கட பேரும் திகதியும் நிக்கும், எல்லாற்ற குளோனிலயும். பழைய கமிற் ஒண்டை ஒருத்தர் மாத்தினால் அதுக்குப் பிறகு வந்த எல்லாக் கமிற்றின்ர இலக்கமும் மாறும், மற்ற ஆக்களின்ர குளோனோட ஒத்துவராது. களவாச் செய்யேலாது.

ஆனால் கருவி மட்டும் காணாது, அதில நீங்கள் சொல்லுறது சரி. மையம் எழுத்தில வைக்கவேணும்: கட்டுரை எழுதத் தொடங்கேக்க கமிற் வரலாற்றைத் திறந்து வைச்சு ஆர் ஆர் பேர் வரவேணும் எண்டு கதைக்கிறது. விட்டிட்டுப் போனவையின்ர பேரும் அதில பாக்கப்படும். அந்த ஒழுங்கைத் தராத இடத்துக்கு உங்கட கோட்டைக் குடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன்.

பனங்கூடல்

அந்தக் கடைசி ஒழுங்கு எழுத்தில வந்தால் என்ரதை நான் போடுறன்.

நாவற்குழி

ஒப்பிட்டுப் பாத்திட்டன். ஆழியவளை சொன்ன உதாரணம் எங்கட ஸ்கிரிப்றிலயே கிடந்தது. முதல் ரெண்டு ஃபோல்டரிலயும் 4.43 பெருக்கல் இல்லை, "பைனல்_சேர்_பாத்தது" இல இருந்துதான் அது வருது. "பைனல்_இதுதான்" இல அதோட சேத்து மழைக்காலப் பெறுமானங்களை விட்டிருக்கு. கட்டுரையில வந்த படத்தின்ர அச்சு "பைனல்_சேர்_பாத்தது" ஓட ஒத்துவருது. பெருக்கல் இருக்கிறதுதான் கட்டுரையில போயிருக்கு எண்டதில எனக்கு பெரிய ஆறுதல். அந்தப் பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தினது அந்த அக்கா. இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் அது தெரியாது.

இனி இதை எப்பிடிக் கிற்றுக்குள்ள கொண்டு வாறது? நான் போட்டால் எல்லாம் என்ர பேரிலயெல்லோ விழும்?

ஆழியவளை

விழாது. நாலு ஃபோல்டரையும் பழசில இருந்து வரிசையா நாலு கமிற்றாப் போடுங்கோ. கமிற் செய்யேக்க "ஓதர்" எண்டு அக்காவின்ர பேரும் மின்னஞ்சலும், "டேற்" எண்டு அந்த ஃபைலின்ர திகதியும் குடுக்கலாம். எழுதினவர் அவா எண்டும் பதிஞ்சவர் நீங்கள் எண்டும் ரெண்டும் தனித்தனியா நிக்கும். மூண்டாவது கமிற்றில ராக் போடுங்கோ. மின்னஞ்சல் போடமுதல் அவாவைக் கேளுங்கோ.

நாவற்குழி

கேட்டன். ஓம் எண்டிட்டா. பெருக்கல் ஏன் போட்டது எண்டதுக்கு அந்த ஆய்வுகூட அறிக்கையின்ர பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறா, அதை மூண்டாவது கமிற்றின்ர வசனத்தில எழுதிறன். பணிப்பாளரோடயும் கதைச்சாச்சு. ஆளுக்கொரு எக்கவுண்ட் இந்தக் கிழமையே, ஸ்லேர்ம் அடுத்த மாதம். பேர் போடுற ஒழுங்கை எழுதித் தரச்சொல்லியிருக்கிறார், வரைவை இஞ்ச போடுறன், பனங்கூடல் ஒருக்காப் பாருங்கோ. சனிக்கிழமை பின்னேரம் எங்கட ஆக்களுக்குக் கிற் சொல்லிக்குடுக்கப்போறன், தமிழிலதான். சுன்னாகச்சந்தி அண்ணை, எஸ்எஸ்எச் கீயை (பாஸ்வேர்டுக்குப் பதிலா லொகின் பண்ணுற சாவி) ஒவ்வொருத்தரும் தாங்களே உருவாக்கிக்கொண்டு வரலாமோ?

சுன்னாகச்சந்தி

தாங்களே உருவாக்கட்டும், அதுதான் முறை. ரெண்டு ஃபைல் வரும். ".pub" எண்டு முடியுறதை மட்டும் உங்களிட்டத் தரச்சொல்லுங்கோ. மற்றது அவையின்ர லப்ரொப்பை விட்டு வெளிக்கிடக்கூடாது, வட்ஸப்பிலயும் வேண்டாம், பென் ட்ரைவிலயும் வேண்டாம். ஆரும் மாறி அனுப்பினால் அந்தக் கீயை விட்டிட்டுப் புதுசா ஒண்டு உருவாக்கச் சொல்லுங்கோ, ஒரு நிமிஷ வேலைதான்.